மெத்து லேத்து

நம் மெக்கானிக் சங்கத்து மலருக்கு என் தொழில் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். நல்லதாக நாலு விஷயம் சொன்னால் புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு உதவும் என்றார் செயலாளர். நல்லதாக நாலு விஷயம் என்னிடம் இல்லை. கெட்டதாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். போட்டால் முழுதாகப் போடுங்கள். நடுவில் வெட்டாதீர்கள்.

நாற்பது வருடம் டீசல் இன்ஜினோடு கிடந்தவன் நான். அவலூர்பேட்டை ரோட்டில் ஷெட் வைத்திருந்தேன். முட்டி போய்விட்டதால் போன வருடம் ஷெட்டை விட்டேன். இப்போது காலையில் உங்கள் ஷெட் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடிக்கிறேன், நீங்கள் செய்யும் தப்பையெல்லாம் கத்திச் சொல்கிறேன். "ஆரம்பிச்சுட்டாரு" என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. முட்டிதான் போனது, காது போகவில்லை.

அந்தக் காதில் போன மாதம் ஒன்று விழுந்தது. கார்த்தி ஒரு பழைய ஜீப்பின் இன்ஜினைப் பிரித்து வைத்திருந்தான். கிராங்க் மூக்கில் கீவே தேய்ந்து போயிருந்தது. டூவீலர் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிராங்கின் முனையில் புல்லி உட்காருகிறது. கிராங்கில் ஒரு பள்ளம், புல்லியில் ஒரு பள்ளம், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நடுவில் விரல் நுனி அளவு ஓர் இரும்புத் துண்டு. அந்தப் பள்ளம்தான் கீவே, அந்தத் துண்டுதான் கீ. பள்ளம் தேய்ந்தால் கீ ஆடும். கீ ஆடினால் புல்லி ஆடும். ஒருநாள் கீ அறுந்து போகும், கிராங்க் சுற்றும், புல்லி சும்மா நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

பக்கத்தில் நின்றவர் யாரோ, நம் வரிசையின் கடைசியில் இருக்கும் லேத்துப் பட்டறைக்குக் கொண்டு போகச் சொன்னார். கார்த்தி உதட்டைப் பிதுக்கினான்.

"மெத்து லேத்துக்கா? வேணாம்ணா. அவரு கீ போட்டா மெத்தா இருக்கும். சரக்கு கம்மி."

அரம் வைத்தாலே தேய்ந்துவிடும் பதமில்லாத இரும்பைத்தான் மெத்து என்போம். யார் சொன்னது என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும்ணா. பேரே அதானே."

கார்த்தி தொழிலுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் போட்ட கீ ஒன்றைக்கூட அவன் கையால் தொட்டதில்லை. அந்த லேத்துக்காரர் மெதுவாகப் பேசுவதால் மெத்து லேத்து என்று பேர் வந்தது என்று உங்களில் சிலர் நினைக்கிறீர்கள். ஸ்டூலில் மெத்தை போட்டு உட்காருவதால் என்று ஒருவன் என்னிடமே சொன்னான். இரண்டும் இல்லை. அந்தப் பேர் என்னால் வந்தது. ஆனால் அன்றைக்குக் கார்த்தியிடம் நான் அதைச் சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனேன். மூன்று நாள் ஷெட் பக்கமே வரவில்லை. முட்டி வலி என்று உங்களிடம் சொன்னேன். அதுவும் பொய்.

அந்த லேத்துக்காரரின் பேரை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அதனால் எழுதவில்லை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எனக்கு அளவு என்றால் என்னவென்று புரிந்தது அவரால்தான். நான் ஷெட் போட்ட புதிதில் ஒரு புஷ்ஷைக் கடையக் கொண்டுபோய், "ஒரு முடி கம்மியா கடைஞ்சி குடுணா" என்றேன். அவர் லேத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"யார் முடி? உன்னுதா, என்னுதா? போயி அளந்துக்கினு வா."

அவரை யாராவது அவசரப்படுத்தினால் சண்டை போட மாட்டார். வந்த வேலையை அப்படியே திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார். "அவசரம்னா வேற எடத்துல குடு" என்பார். அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்.

எட்டு வருடம் முன்னால் நடந்தது இது. கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஏழுமலை என்பவர் தன் பழைய டீசல் வேனைக் கொண்டு வந்தார். மணிலாக் கடலை மூட்டையும் ஏற்றுவார், ஆளும் ஏற்றுவார். இன்ஜின் முன்பக்கம் டொக் டொக் என்று சத்தம். பேரிங்காக இருக்கும் என்று நினைத்துத்தான் பிரித்தேன். பேரிங் இல்லை. புல்லி போல்ட் லேசாகத் தளர்ந்து, கீவே ஒரு பக்கம் தேய்ந்து வாய் பிளந்திருந்தது. பழைய கீயை விரலால் தொட்டாலே ஆடியது.

லேத்துக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கிராங்கக் கழட்டிக் கொண்டா. பள்ளத்த அகலமா வெட்டி, கீழ அகலமா மேல குறுகலா படி வெச்ச கீ போட்டுத் தரேன். ரெண்டு நாள் ஆவும்."

இன்ஜினை இறக்கி, கிராங்கைக் கழற்றி, திரும்ப ஏற்ற என் பங்குக்கு இரண்டு நாள். ஆக நாலு நாள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வேறு வழி கிடையாது என்று எனக்கே தெரியும்.

ஏழுமலையிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது. மறுநாள் காலையில் செங்கத்தில் அவர் தம்பிக்கு நிச்சயம். பெண் வீட்டுக்குத் தட்டு எடுத்துக்கொண்டு பதினாறு பேர் போக வேண்டும். மறுநாள் பௌர்ணமி வேறு, கிரிவலக் கூட்டம். பௌர்ணமியன்று நம் ஊரில் வாடகைக்கு வேன் தேடிப் பாருங்கள், தெரியும். காலையில் போலீஸ் ரோட்டை மறிப்பதற்கு முன்னால் ஊரைத் தாண்டிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"தம்பிக்கு முப்பத்தெட்டு ஆவுதுணா. இதுவும் போச்சுன்னா அவன் காவி கட்டிக்கினு ஆசிரமம் பக்கம் போயி உக்காந்துடுவான். ஒரு நாளு. ஒரே ஒரு நாளு ஓடுனா போதும்."

அவர் கெஞ்சினார். நான் யோசித்தேன். என்ன யோசித்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு இதே இடத்தில் நீங்களும் நிற்பீர்கள். ஏழுமலை மேல் இருந்த இரக்கம் அதில் கொஞ்சம்தான். 'சேகர் கை வெச்சா வண்டி ஓடும்' என்று இந்த ரோட்டில் ஒரு பேச்சு இருந்தது. முடியாது என்று சொன்னால் அவர் எதிர் ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார், அங்கே ஒருவன் எதையாவது வைத்து ஓட்டிக் கொடுப்பான், என் பேச்சு போய்விடும். இதுதான் என் மண்டைக்குள் ஓடியது. 'வேற வண்டி பிடி, எங்கிருந்தாவது பிடி, இதுல ஆளை ஏத்தாத' என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை.

நேராக லேத்துக்குப் போனேன். புல்லியில் அளவு பார்க்க மட்டும் ஒரு கீ வேண்டும், கிராங்கை நாளைக்குக் கழற்றிக் கொண்டு வருகிறேன் என்றேன். அது முதல் பொய். அவர் நம்பினார். நல்ல இரும்பில் ஒரு கீ எடுத்து, ராவி, சூடு காட்டி, எண்ணெயில் போட்டு எடுத்தார். என் முன்னால் அதன் மேல் அரத்தை வைத்துத் தேய்த்துக் காட்டினார். அரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

"பாத்துக்கோ. இத அந்தப் பழைய பள்ளத்துல போட்டு வண்டிய வுட்டுடாத. சாஞ்சி நிக்கும்."

சரி என்று தலையாட்டினேன்.

ஷெட்டுக்கு வந்து அந்தக் கீயைப் பழைய பள்ளத்தில் போட்டேன். ஆடியது. ஸ்க்ரூ போட்டு வைத்திருந்த பழைய பிஸ்கட் டப்பா ஒன்று அலமாரியில் இருந்தது. அதன் சிவப்பு மூடியில் விரல் அகலம் தகடு வெட்டி, கீக்குப் பக்கத்தில் அடித்து இறுக்கினேன். ஆட்டம் நின்றது. புல்லியை ஏற்றி, போல்ட்டைப் பைப் போட்டு முறுக்கி, வண்டியை எடுத்தேன். சத்தம் இல்லை.

"சரியாயிடுச்சாணா?" என்று ஏழுமலை கேட்டார்.

"ஓடும்" என்றேன்.

இந்த வார்த்தையைக் கவனியுங்கள். நீங்கள் தினமும் பத்துத் தடவை சொல்கிறீர்கள். சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பொய்யாகிவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் 'ஓடும்' என்றேன். ஏழுமலை காதில் 'சரியாயிடுச்சு' என்றுதான் விழுந்தது. அப்படி விழட்டும் என்றுதான் நானும் சொன்னேன். வண்டிக்காரர்களிடம் நாம் செய்கிற பெரிய திருட்டு இதுதான். மெதுவாகப் போங்கள் என்றுகூடச் சொல்லவில்லை, சொன்னால் சந்தேகம் வரும்.

மறுநாள் வேன் ஓடியது. ஊருக்குள் வந்து, கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து செங்கம் ரோட்டில் ஏறி, ஆசிரமத்தைத் தாண்டியது. அங்கே கீ அறுந்தது. புல்லி நின்றதும் ஃபேன் நின்றது, தண்ணீர் பம்ப் நின்றது. சூடு காட்டும் முள் எந்தக் காலத்திலோ உடைந்து போயிருந்தது. பானட்டிலிருந்து புகை வந்த பிறகுதான் ஏழுமலைக்குத் தெரிந்தது. அதற்குள் சூட்டில் இன்ஜின் ஹெட் வளைந்துவிட்டது.

பதினாறு பேரும் இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். பெண்கள் கையில் தட்டு. வாழைப்பழம், ஆப்பிள், மல்லிப்பூ, லட்டு. கிரிவலம் போகிற ஜனத்துக்கு என்ன தெரியும்? பட்டுப்புடவை கட்டிய பெண்கள் தட்டோடு வரிசையாக நின்றால் யாரோ தானம் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். எதிரே ஒரு வரிசை நின்றுவிட்டது. இது நிச்சயத்தட்டு என்று மாப்பிள்ளையே ஒவ்வொருவரிடமும் கைகூப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குள் ஒரு தட்டு லட்டு காலி. வாங்கிய சாமியார் ஒருவர் மாப்பிள்ளை நெற்றியில் விபூதி பூசி ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனாராம். இதை நீங்கள் பல தடவை கேட்டிருப்பீர்கள், டீக்கடையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிப்பேன். கீயைப் பற்றிய பேச்சு வருவதற்கு முன்னால் எழுந்து போய்விடுவேன்.

ஆட்டோ பிடித்து அவர்கள் செங்கம் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்து ராகு காலம் ஆரம்பித்திருந்தது. பெண்ணின் மாமா வாசலிலேயே நிற்க வைத்து, "நிச்சயம் பண்ண வந்தீங்களா, கிரிவலம் வந்தீங்களா?" என்று கேட்டாராம். நிச்சயம் எப்படியோ சாயந்திரம் நடந்தது. ஆனால் ஏழுமலை அந்த வார்த்தையை மறக்கவில்லை.

அடுத்த நாள் வேனை இழுத்துக்கொண்டு வந்து என் ஷெட் முன்னால் நிறுத்தினார். கத்தவில்லை. இன்னா ஆச்சு என்று மட்டும் கேட்டார். அக்கம்பக்கத்து ஷெட்காரர்கள் வந்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் வந்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்து லேத்துக்காரரும் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

எல்லோர் முன்னாலும் புல்லியைக் கழற்றினேன். கீ இரண்டு துண்டாக இருந்தது. தகடு நசுங்கிப் பாதி உள்ளேயே கிடந்தது. அதை முதலில் உள்ளங்கையில் மறைத்துக்கொண்டேன். அறுந்த துண்டு மட்டும் விரலில் இருந்தது. ஏழுமலை அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கீ மெத்து" என்றேன். "லேத்துல போட்டது. சரக்கு சரியில்ல."

யோசித்துச் சொன்னது இல்லை. ஆனால் யோசிக்காமல் சொன்னேன் என்றும் தப்பிக்க முடியாது. வேனைக் கொடுத்தனுப்பிய அன்றைக்கு ராத்திரி படுக்கையில், அறுந்தால் என்ன சொல்வது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருந்தேன். பதில் அப்போதே தயாராகிவிட்டது போலிருக்கிறது.

லேத்துக்காரர் கை நீட்டி அந்தத் துண்டை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். அதன் ஒரு பக்கத்தில் சிவப்புப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் கையில் போன பிறகுதான் பார்த்தேன். அவர் என் அலமாரியைப் பார்த்தார். அந்த டப்பா மூடி இல்லாமல் அங்கேதான் இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நான் தகடு இருந்த கையை இன்னும் இறுக்கி மூடினேன்.

அவர் கட்டைவிரலால் அந்தப் பெயிண்டைச் சுரண்டித் துடைத்துவிட்டு, துண்டை என்னிடமே கொடுத்தார்.

"கிராங்கக் கழட்டி அனுப்பு" என்றார். போய்விட்டார்.

அவர் மறுத்துப் பேசாததால் எல்லோருக்கும் அது ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து ஷெட்டில் ஒருவன் இருந்தான், எல்லாவற்றுக்கும் பேர் வைக்கிறவன். "லேத்து மெத்து, மெத்து லேத்து" என்று சந்தம் போட்டுச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொய் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

கிராங்கைக் கழற்றி அனுப்பினேன். சொன்ன மாதிரியே பள்ளத்தை அகலமாக வெட்டி, படி வைத்த கீ போட்டுக் கொடுத்தார். இரண்டு நாள்தான் ஆனது. வாங்கப் போனபோது திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிராங்கைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தபடி ஒரே ஒரு பேச்சுதான் பேசினார்.

"நீயா சொல்லுவனு பாத்தேன்."

அன்றைக்கே ஏழுமலையிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஹெட் வேலையை முடித்து வேனைக் கொடுத்த அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் போன பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தப் பயம் கொஞ்சம் ஜாஸ்தியானது.

பேர் பரவியது. முதலில் கேலிதான். பிறகு கீ வேலை அவரிடம் போவது நின்றது. பிறகு ஷாஃப்ட் வேலை நின்றது. வேலை எல்லாம் வேலூர் ரோட்டு லேத்துக்குப் போனது. கிராங்க் கடைந்த மனுஷன் கரும்பு ஜூஸ் மெஷின் உருளைக்குப் பல் வெட்டிக்கொண்டும், கேட் கீலுக்கு முளை கடைந்துகொண்டும் உட்கார்ந்திருந்தார்.

நான் மட்டும் என் வேலையை எல்லாம் அவரிடமே கொடுத்தேன். கடனைத் தீர்ப்பதாக நினைப்பு. "எவ்ளோ பேர் சொல்லியும் பழகின மனுஷன விடல பாரு, சேகர் அண்ணன் மனசு யாருக்கும் வராது" என்று இதே சங்கக் கூட்டத்தில் ஒருவர் மைக் பிடித்துச் சொன்னார். நீங்கள் கை தட்டினீர்கள். லேத்துக்காரர் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரும் தட்டினார்.

கார்த்தி பேசியதைக் கேட்ட பிறகு மூன்று நாள் வீட்டில் இருந்தேன் என்றேனே, அப்புறம் அவருக்குப் போன் பண்ணினேன். என் போனில் சார்ஜ் இல்லை, டீக்கடைக்காரர் போனிலிருந்து கூப்பிட்டேன். யார் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

"மெத்து லேத்துங்க. சொல்லுங்க" என்றார்.

அவர் வாயாலேயே. போர்டில் வேறு பேர் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தப் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரிவதில்லை, இந்தப் பேரைச் சொன்னால்தான் தெரிகிறது. அதனால் அவரும் அதையே சொல்லப் பழகிவிட்டார். நான் போனை வைத்துவிட்டேன். டீக்கடைக்காரர், "லைன் கெடைக்கலயாணா?" என்று கேட்டார்.

நேராகப் போனேன். கார்த்தியைக் கூட்டிக்கொண்டு, அவன் கழற்றி வைத்திருந்த ஜீப் கிராங்கையும் எடுத்துக்கொண்டு போனேன். அவன் ஏன் என்று கேட்டுக்கொண்டே வந்தான். வாயை மூடிக்கொண்டு வா என்றேன். லேத்துக்காரர் கிராங்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"படி வெச்ச கீ போடணும். ரெண்டு நாள் ஆவும். அவசரமா?"

அவசரம் இல்லை என்றேன். பிறகு கார்த்தியை வைத்துக்கொண்டே சொன்னேன். ஏழுமலை வேனில் உங்கள் கீ மெத்து இல்லை, நான்தான் தகடு வைத்தேன், பழியை உங்கள் மேல் போட்டேன் என்று. எட்டு வருடம் தூக்கிக்கொண்டு திரிந்ததைச் சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் கிராங்கைக் கீழே வைக்கவில்லை. தேய்ந்த பள்ளத்தில் நகத்தை விட்டுப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குதான் தெரியுமே. தெரியாதவங்கிட்டப் போயி சொல்லு."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறிப் போய் ஏழுமலையிடம் சொன்னேன். அவர் களத்தில் மணிலா காய வைத்துக்கொண்டிருந்தார். கேட்டு முடித்துவிட்டு, "வேற வண்டி புடின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்ணா" என்றார். திரும்பிக்கொண்டு மணிலாவைக் கிளற ஆரம்பித்தார். நான் அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன்.

மீதி இருப்பது நீங்கள். அதனால்தான் இதை எழுதிக் கொடுக்கிறேன். அவர் போட்ட கீ மெத்து இல்லை. அரம் வழுக்கியதை என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பள்ளத்தில் மெத்தாக இருந்தது நான் வைத்த பிஸ்கட் டப்பாத் தகடு ஒன்றுதான். இனி எவனாவது மெத்து லேத்து என்று சொன்னால், இதைச் சொல்லி அவன் வாயை மூடுங்கள். நான் அங்கே உட்கார்ந்திருந்தால், நான் இருக்கும்போதே சொல்லுங்கள்.